மண் உயிர்ப்புவிவேதியியல் ஆய்வுக்கு வரலாமா? கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் பக்கத்து மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மண்ணில் கரிமமும் நைட்ரஜனும் படும் பாட்டை ஆராய்வது என் தொழில். அதைத்தான் மண் உயிர்ப்புவிவேதியியல் என்கிறோம். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். பிரித்தெடுத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இந்தத் துறையில் அப்படி என்னதான் ஆராய்கிறீர்கள்?

மண்ணுக்குள் வந்து போகும் கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம், இரும்பு ஆகியவற்றுக்கு வரவு செலவு எழுதுகிறோம். எவ்வளவு வந்தது, எந்த வடிவில் தங்கியது, எந்த நுண்ணுயிர் அதை என்னவாக மாற்றியது, காற்றுக்கும் கிணற்றுக்கும் பயிருக்கும் எவ்வளவு போனது என்பதே கணக்கு. உயிரினங்களும் பாறையும் காற்றும் சேர்ந்து தனிமங்களைச் சுழற்றுகின்றன என்ற இந்தப் பார்வைக்கு அடித்தளம் போட்டவர் ரஷ்ய அறிஞர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியா இட்டுத் தண்ணீர் விட்டதும் யூரியேஸ் என்ற நொதி அதை அமோனியமாக உடைக்கிறது. மண் காரத்தன்மை உள்ளதாக இருந்து, உரமும் மேலாகவே கிடந்தால் ஒரு பங்கு அமோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். மிச்சத்தை இன்னொரு கூட்டம் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மண்ணில் ஒட்டி நிற்பதில்லை. பயிர் எடுத்ததுபோக நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். பாத்தியில் நீர் தேங்கிக் காற்று குறைந்தால் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைக் கொண்டே சுவாசித்து நைட்ரஸ் ஆக்சைடை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மூட்டைக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர். சரக்கு போன இடங்கள் நான்கு. எங்கே எவ்வளவு போனது என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

மண் பரிசோதனை நிலையத்தில் செய்வதும் இதுவும் ஒன்றுதானே?

பாதி ஒன்று. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் தருகிறார்கள்: கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம் (மக்கிய இலை, வேர், எரு வழியாக வந்த கரிமம்), தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள். அது அன்றைய கையிருப்பு. எங்களுக்கு வேண்டியது அது ஏறுகிறதா இறங்குகிறதா, என்ன வேகத்தில், யாரால் என்பது. அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில் ஒன்று ஆண்டுதோறும் கரிமத்தை இழந்துகொண்டும் மற்றது சேர்த்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டு அட்டையிலும் ஒரே எண் அச்சாகியிருக்கும்.

கொங்கு நாட்டில் ஆராய அப்படி என்ன இருக்கிறது? அமேசான் காடா, ஆர்க்டிக் பனியா?

இந்தக் கேள்வியைக் கேலியாகத்தான் கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்தமான கேள்வி.

முதலில் மண்ணைப் பாருங்கள். பெரியநாயக்கன்பாளையம் வகைக் கரிசல், இருகூர் வகைச் செம்மண், பாலத்துறை வகைச் சுண்ணாம்புச் செம்மண் எல்லாம் கோவையைச் சுற்றி ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் இருக்கின்றன. ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் தொழு உரத்தை மூன்றும் மூன்று விதமாகக் கையாளும். கரிசலின் களிமண் துகள்கள் கரிமத்தைப் பற்றிக்கொள்ளும். மணற்பாங்கான செம்மண்ணில் அது சீக்கிரம் எரிந்துபோகும். அடியில் சுக்காங்கல் படிந்த நிலங்களில் கரிமம் இன்னொரு வேடத்திலும், சுண்ணாம்பாகவும், கிடக்கிறது. வறண்ட நாட்டு மண் பலவற்றில் அங்ககக் கரிமத்தைவிட இந்தச் சுண்ணாம்புக் கரிமமே அதிகம்.

அடுத்தது கொறங்காடு. காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர விட்டு, நடுவே வெள்வேல் மரங்களை விட்டுவைத்துக் காங்கயம் மாடுகளை மேய்க்கும் நிலம். மானாவாரிக் காட்டைப்போல ஆண்டுதோறும் உழுவதில்லை. எங்கள் துறைக்காரர் கண்ணுக்கு இது யாரோ திட்டமிட்டு அமைத்துக் கொடுத்த சோதனை வயல்போலவே தெரியும். காரணம் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கரியமில வாயுவைப் பிடிக்கும் முறை வேறு வேறு. அதனால் புல்லின் உடலில் கரிமத்தின் கனமான வகையான கரிமம்-13 சற்று அதிகமாகவும், மரத்தின் இலையில் குறைவாகவும் இருக்கும். மண்ணை எடுத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் கொடுத்தால் அதிலுள்ள கரிமத்தில் புல் தந்தது எவ்வளவு, மரம் தந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். வெள்வேலின் அடிமரத்திலிருந்து நிழல் முடியும் இடம்வரை அடிக்கொரு மாதிரி எடுத்துப் பாருங்கள், ஒரு முதுகலை ஆய்வேடு தயார்.

நொய்யலைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து ஓடிய நீர், 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு அதன் பிறகு இறுக்கமாக அமலுக்கு வந்தது. ஆலைக்குப் பூட்டுப் போட்டதும் மண் சரியாகிவிடுமா என்றால் இல்லை. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும். மேலே ஓடு கட்டும், மழைநீர் இறங்காது, வேர் இறங்காது, நுண்ணுயிர் வேலை மந்தமாகும். ஜிப்சம் இட்டு நல்ல நீரால் கழுவினால் உப்பு இறங்கும். நல்ல நீருக்கு எங்கே போவது என்பது மண் அறிவியல் கேள்வியல்ல, ஆனால் மண் அறிவியலாளரிடம்தான் கேட்கிறார்கள்.

நாமக்கல் கோழி எருவில் பாஸ்பரஸும் சுண்ணாம்பும் குவிவது, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவில் எளிதில் மக்காத லிக்னின் என்ற பொருளைச் சிப்பிக்காளான் உடைப்பது, கீழ்பவானி ஆயக்கட்டில் நெல் வயல் வெளியிடும் மீத்தேன், சேலம் மக்னீசைட் கரடுகளின் விசித்திர மண் என்று இன்னும் வரிசை உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆளின் வாழ்நாளைத் தின்னும்.

கோவையில் நூறாண்டு பழைய சோதனை வயல் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் நிரந்தர எருச் சோதனை 1909இல் தொடங்கியது. புதிய தொடர் ஒன்று 1925இல் சேர்ந்தது. 1843இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் தொடங்கிய வயல்தான் இதற்கு முன்மாதிரி. ஒரு பாத்திக்குத் தொழு உரம் மட்டும், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று தொடங்கியதை ஆட்கள் மாறினாலும் மாற்றாமல் நடத்திவருகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அகில இந்திய நீண்டகால உரச் சோதனையும் கேழ்வரகு, மக்காச்சோளச் சுழற்சியுடன் இங்கே வந்தது.

இந்தப் பாத்திகளுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்காரிசனும் கோவையின் வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும் 1920களில் இங்கே விளைந்த சிறுதானியத்தை விலங்குகளுக்குக் கொடுத்து, எந்த எருவில் விளைந்தது சத்து மிக்கது என்று பார்த்தார்கள். தொழு உரத் தானியத்துக்கே முதலிடம் தந்தார்கள். அந்த முடிவை அப்படியே இன்று தூக்கிப் பிடிக்க நான் தயங்குவேன். சத்துணவுச் சோதனை முறைகள் வெகுதூரம் மாறிவிட்டன. ஆனால் எருக்குழியிலிருந்து உணவுத்தட்டுவரை ஒரே கோடாக இழுத்துப் பார்த்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

இத்தனை ஆண்டு ஏன் என்றால், நம் வெயிலில் அங்ககக் கரிமம் ஏறுவது அவ்வளவு மெதுவாக. மூன்றாண்டுத் திட்டங்களில் தெரிவது பெரும்பாலும் அந்தந்த ஆண்டு மழையின் விளைவுதான்.

கரிமம் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அளந்தால் தெரிந்துவிடாதா?

இங்கேதான் என் தொழிலின் பெரும்பகுதி கழிகிறது: ஏமாறாமல் இருப்பது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை சதவீதம் அங்ககக் கரிமம் உள்ள ஒரு ஏக்கரில், ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் எடை என்று வைத்தால், மேல் 30 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 8 டன் கரிமம் இருக்கும். பரிந்துரைப்படி ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுகிறீர்கள். அதில் பாதி ஈரம். காய்ந்த மீதியில் கால் பங்கு கரிமம் என்றால் 600 கிலோ சொச்சம். நுண்ணுயிர்கள் தின்று சுவாசித்து அதில் பெரும்பகுதியைக் காற்றுக்கு அனுப்பிவிடும். 100 கிலோ தங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அறிக்கையில் 0.50 என்று இருந்தது 0.506 ஆகும். ஒரே வயலில் பத்தடி தள்ளித் தோண்டினாலே இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். ஆகவே ஒரே ஆண்டில் கரிமத்தை இரட்டிப்பாக்கும் திரவம் என்று யாராவது விற்றால், வாங்குவதற்கு முன் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது ஆய்வுமுறை. 1934 முதல் புழக்கத்தில் இருக்கும் வாக்லி-பிளாக் முறையைத்தான் நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் செய்கிறோம். சலித்த மண் ஒரு கிராம் குடுவையில். ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மில்லிலிட்டர். அதன்மேல் அடர் கந்தக அமிலம் 20 மில்லிலிட்டர். அமிலம் விழுந்ததும் குடுவையின் அடி கை வைக்க முடியாமல் சுடும். அந்தச் சூட்டில் டைகுரோமேட் கரிமத்தை எரிக்கிறது. அரை மணி ஆற விட்டு, நீர் சேர்த்து, பாஸ்பாரிக் அமிலமும் டைபினைலமீன் நிறங்காட்டியும் விட்டு, பெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். கலங்கிய கருநீலமாகவே நெடுநேரம் இருக்கும். பிறகு ஒரே சொட்டில் பச்சையாகும். அந்தச் சொட்டைத் தவறவிடாத கைக்குப் பயிற்சி வேண்டும். வெளிச்சம் குறைந்த மூலையில் உட்கார்ந்து செய்யவே கூடாது.

இந்த முறை கரிமம் முழுவதையும் எரிப்பதில்லை. சுமார் 77 சதவீதம்தான். அதனால் 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். எல்லா மண்ணுக்கும் அந்த எண் பொருந்தாது. இன்னும் மோசமான பொறி நொய்யல் கரையில் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடையும் டைகுரோமேட் தாக்கும். கருவிக்கு எது கரிமம், எது குளோரைடு என்று தெரியாது. உப்படித்த மண் கரிம வளம் மிக்கதாக அறிக்கையில் வந்து நிற்கும். முன்கூட்டியே வெள்ளி சல்பேட் சேர்த்துக் குளோரைடைக் கட்டிப்போட வேண்டும், அல்லது மண்ணைக் கழுவிவிட்டுச் செய்ய வேண்டும்.

சரி, லட்சக்கணக்கில் விலையுள்ள தனிமப் பகுப்பாய்வுக் கருவியில் கொடுத்துவிடலாமே என்றால், அது மண்ணை உயர் வெப்பத்தில் எரித்து மொத்தக் கரிமத்தையும் எண்ணும். பாலத்துறை மண்ணின் சுண்ணாம்பும் சேர்ந்து எண்ணப்படும். முதலில் அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்காதவர் தாளில் செம்மண் காடு சோலைக்காடாகிவிடும்.

உழுத நிலம் உப்பிப் பஞ்சாகக் கிடக்கும், உழாத நிலம் இறுகியிருக்கும். இரண்டிலும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் ஒரே எடை மண் வராது. ஆழத்தைச் சமமாக்கி ஒப்பிடுவதைவிட எடையைச் சமமாக்கி ஒப்பிடுவது நியாயம். இதை விட்டுவிட்டு எழுதிய கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

என்ன படிக்க வேண்டும்?

நேர்வழி: நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை, பிறகு முதுகலையில் மண் அறிவியல் மற்றும் வேளாண் வேதியியல், பிறகு முனைவர் பட்டம். கோவையிலேயே மூன்றையும் முடிக்கலாம்.

இளங்கலையில் வேதியியல், நுண்ணுயிரியல், புவியியல் படித்தவர்கள் சுற்றுச்சூழல் அறிவியல் வழியாக உள்ளே வரலாம், சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் வேதியியல், உயிர் அறிவியல், புவி அறிவியல் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அசல் வேதியியல் படித்துவிட்டு வருபவர்கள் மண்ணைக் கற்றுக்கொள்வது, வேளாண்மை படித்தவர்கள் வேதியியலைக் கற்றுக்கொள்வதைவிடச் சீக்கிரம் நடக்கிறது. இதைச் சொன்னால் என் வகுப்புத் தோழர்களுக்குக் கோபம் வரும். எந்த வழியில் வந்தாலும் புள்ளியியலும், கணினியில் தரவைக் கையாளும் ஏதேனும் ஒரு நிரல்மொழியும் வேண்டும்.

முனைவர் பட்டக் காலத்தில் வருமானம் உண்டா?

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. விதிப்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால் கஷ்டம்தான். வீட்டில் தோட்டமும் மாடும் இருந்தால் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சேர்வதற்கு முன்பே ஓராண்டு செலவிட்டுத் தேர்வை எழுதி முடிப்பது நல்லது.

வேலை எங்கே?

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர். வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் வழியாக மத்திய ஆராய்ச்சி நிறுவனங்கள். போபாலில் மண் அறிவியலுக்கும், கர்னாலில் உவர் நிலத்துக்கும், நாக்பூரில் மண் வகைப்பாட்டுக்கும் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அருகிலேயே உதகையில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம். கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் வன மரபியல் நிறுவனமும். உர நிறுவனங்கள், சர்க்கரை ஆலைகள், தனியார் ஆய்வகங்கள், கரிமத் திட்ட ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. அரசுப் பணியிடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். இதை மறைத்துச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பெண்பிள்ளையை மண் தோண்ட அனுப்புவதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் மாமாவும் பெரியப்பாவும் கேட்கும் கேள்வி இது. என்னையும் கேட்டார்கள். வயல் வேலையில் உண்மையான சிரமம் தோண்டுவது அல்ல, கழிப்பறை. மாதிரி எடுக்கப் போகும் ஊரில் யார் வீட்டுச் சாளையில் இறங்கலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி இதைப் புரிந்துகொள்பவரா என்று சேர்வதற்கு முன்பே மூத்த மாணவிகளிடம் விசாரியுங்கள். மற்றபடி மண் தோண்டக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள், ஆண்களும்.

விவசாயிகள் நிலத்தில் இறங்க விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள், மோரும் கொடுப்பார்கள். ஆனால் மூலனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் வேலியோரம் நின்று கேட்டார்: “அம்மணி, வருகிறவர்கள் எல்லாரும் மண்ணை அள்ளிக்கொண்டு போகிறீர்கள். முடிவைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்?” நியாயமான கேள்வி. ஆய்வேட்டை ஒப்படைத்ததும் அந்த நிலத்துக்குரிய எண்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பதை என் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறேன். பதிலுக்கு அவர்கள் சொல்வதும் தரவுதான்: எந்த மூலையில் பட்டி போட்டார்கள், எந்த ஆண்டு குளத்து வண்டல் அடித்தார்கள் என்று தெரியாமல் மாதிரி எடுத்தால், அங்கே தென்படும் பாஸ்பரஸ் மேட்டுக்கு விளக்கம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கார்பன் கிரெடிட் மூலம் விவசாயிக்குப் பணம் வருமா?

கரியமில வாயுவைக் காற்றிலிருந்து பிடித்துச் சேர்த்துவைத்ததற்கு விற்கக்கூடிய சான்றுதான் கார்பன் கிரெடிட். மரம் வளர்ப்பில் வரலாம். மரத்தைப் பார்க்கலாம், சுற்றளவை அளக்கலாம். மண் கரிமத்தில் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். சில ஏக்கர் வைத்திருப்பவரின் நிலத்தில் அந்த மாற்றத்தை நம்பகமாக நிரூபிக்கும் செலவு, கிடைக்கும் பணத்தைத் தின்றுவிடும். பல நூறு பேரைச் சேர்த்தால் செலவு பங்காகும். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, இடையில் உழுதால் என்ன ஆகும் என்பதைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். தொழு உரம் இடுவதற்கு நீரைப் பிடிக்கும் சக்தி ஒன்றே போதுமான காரணம்.

வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா?

கருவிக்காகவும் பழக்கத்துக்காகவும் ஓரிரு ஆண்டு போய்வருவது நல்லது. கேள்வியை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துச் சில மணி நேரத்தில் கரியமில வாயுவைக் கொட்டும். 1958இல் இதை விரிவாக எழுதிய பர்ச் என்ற ஆய்வாளர் அதைப் பார்த்தது கிழக்கு ஆப்பிரிக்காவில். ஆடி முழுக்கக் காற்றடித்துக் காய்ந்து ஐப்பசியில் நனையும் நம் மேட்டாங்காடுகளில் அந்த ஒரே வாரத்தில் ஆண்டுக் கணக்கின் எவ்வளவு பங்கு போகிறது என்பது, தொடர்ந்து அளக்க ஆளிருந்தால் நல்ல ஆய்வு. மழைக்கு முந்தைய நாள் இரவே மண்ணிலிருந்து வரும் வாயுவைப் பிடிக்கும் பெட்டிகளைக் காட்டில் பொருத்தியிருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. வானிலை அறிவிப்பை நம்பிப் பொருத்திவிட்டு, வானம் பொய்த்துத் திரும்பி வருவதும் இந்த உத்தியோகத்தில் அடக்கம்.

பள்ளி மாணவர் இப்போதே ஏதாவது செய்து பார்க்கலாமா?

செய்யலாம். கிணறு வெட்டிய இடத்திலோ கட்டடத்துக்குக் குழி தோண்டிய இடத்திலோ பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், மேல் மண், ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று தனித்தனிப் பையில் எடுங்கள். காய வைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றிலும் வினிகர் சில சொட்டு விட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். நுரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சீறும் ஒலி கேட்கும். இருகூர்ச் செம்மண்ணில் மேலே பெரும்பாலும் எதுவும் நடக்காது. கரிசலில் ஆழம் போகப் போக என்ன ஆகிறது, எந்த அடியில் தொடங்குகிறது என்று ஊர்ப் பெயரோடும் தேதியோடும் குறித்து வையுங்கள். பையின் மேல் பேனாவால் எழுதாதீர்கள், ஈரத்தில் அழிந்துவிடும். பென்சிலால் சீட்டெழுதி உள்ளே போடுங்கள்.